ஏழு தரம் கழுவிய துவக்கு

அந்த மனிதர் பழைய துவக்கை ஏமாற்றி எங்கள் தலையில் கட்டிவிட்டார் என்று நீங்கள்கூடச் சொல்கிறீர்களே மச்சி, உங்களுக்கு யார் சொன்னது? மீன்காரனா? அவனுக்குச் சூரைக்கும் அறக்குளாவுக்கும் வித்தியாசம் தெரியாது, வெடி வைக்கிற துவக்கைப் பற்றிக் கதைக்க வந்துவிட்டான். ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நீங்களே அதை நம்பினால் ஊர் என்ன நம்பாது? அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருங்கள். துவக்குப் பார்க்கப் போன நாளில் நானும் போனேன். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என் கையால் செய்ததையும் சொல்கிறேன்.

மகளுக்குக் கலியாணம் பேசும்போது இந்த வீட்டையும் மேற்கே கிடக்கும் வயலையும் எழுதிக் கொடுத்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். வந்த நாளில் இருந்து வயலை மருமகன்தான் செய்கிறார். நல்ல மனிதர். பதினெட்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம், ஒரு நாள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைத்ததில்லை. சிரிக்காதீர்கள். உங்கள் மருமகன் உங்களோடு கிரிக்கெட் கதைக்கிறார், அது இந்தக் காலம். எங்கள் வீட்டில் அவர் சாப்பிட உட்கார்ந்தால் நான் கதவுத் திரைக்குப் பின்னால் நிற்பேன்.

“மகள், மருமகனுக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு வேணுமா என்டு கேளு” என்பேன்.

“போதும் என்டு உம்மாட்டச் சொல்லு” என்பார் அவர்.

நடுவில் நிற்கிற மகள், “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது, என்னை ஏன் தபால்காரியாக்கிறீங்க?” என்பாள். அது ஒரு மரியாதை. அந்த மரியாதையில் எனக்குப் பெருமையும் இருந்தது. மருமகன் முன்னால் குரல் காட்டாத மாமி என்று என்னைத்தான் இந்தத் தெருவில் சொல்வார்கள்.

ஆனை முன்பெல்லாம் வெட்டு முடிந்து வைக்கோல் தின்னத்தான் வரும். இப்போது கதிர் பால் பிடிக்கும்போதே வந்துவிடுகிறது. ஆனைவெடி கொளுத்திப் போட்டால் நின்று பார்க்கிறதாம், பெருநாள் வெடிக்கு நம்முடைய பிள்ளைகள் பயப்படாத மாதிரி. போன போகத்தில் எங்களுக்கு அடுத்த வயல்காரரை அவருடைய காவல் வாடிக் குடிசையோடு சேர்த்து மிதித்துவிட்டது. மையித்தை ஒரு சாக்கில் கொண்டுவந்தார்கள். கழுவி எடுக்க உள்ளே போனவர்கள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அன்றைக்கு மகள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“துவக்கில்லாம இனி உங்களை நான் வாடிக்கு அனுப்ப மாட்டன். வயல் தரிசாக் கெடக்கட்டும். எனக்கு நீங்க வேணும்.”

அதற்குப் பிறகுதான் மருமகன் அரசாங்கக் கச்சேரிக்கு ஏறி இறங்கினார். பயிரைக் காக்க ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று வைத்திருக்க அனுமதி கிடைத்தது. கடதாசி வந்தது, துவக்கு எங்கே? காட்டோரத்து ஊர் ஒன்றில் வயதான தமிழர் ஒருவர், அனுமதியோடு முப்பது வருடம் வைத்திருந்ததைக் கொடுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டோம். பார்த்து மதிக்க என் காக்காவை, கூடப் பிறந்த மூத்தவரை, கூப்பிட்டோம். அவர் வாலிபத்தில் துவக்கு வைத்து வயல் காத்தவர். குழப்பக் காலத்தில் அரசாங்கம் எல்லாத் துவக்கையும் வாங்கிக்கொண்டபோது அவருடையதும் போனது. அதற்குப் பிறகு துவக்கு என்ற சொல் கேட்டாலே மனிதர் நிமிர்ந்து உட்காருவார்.

நானும் வருகிறேன் என்றேன். காக்காவுக்குக் கோபம் ஏறியது.

“துவக்குப் பார்க்கிற இடத்தில பொம்புளைக்கு என்னடி வேலை?”

“வீட்டுக்குள்ள வாற சாமானை நான் பார்க்காம ஆர் பார்க்கிற? அலுமாரி பார்த்தது நான், தொட்டில் பார்த்தது நான், மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான்.”

முன்னால் ஓட்டோவை முறுக்கிக்கொண்டிருந்த மருமகனின் முதுகு குலுங்கியது. சிரித்தாரோ என்னவோ. பின்னால் காக்கா, மகள், நான், மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். காற்று என்ன காற்று! கதிர் வந்த வயல் இரண்டு பக்கமும். நான் மருதமுனைத் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு வளர்ந்தவள், எனக்கு வெளியே போவதென்றால் பெருநாள். வழியில் இறங்கி வத்தகப்பழம் வாங்கச் சொன்னேன். காக்கா முறைத்தார். வாங்கினோம்.

அந்த மனிதர் நெற்றியில் திருநீறும் கையில் ஊன்றுகோலுமாக வாசலில் நின்றார்.

“வாங்க காக்கா, வந்து இரிங்க. எனக்குக் கண் பார்வை போயித்து. ஆனையா மாடா என்டு தெரியாதவன் கையில துவக்கு இரிக்கப்படாது. அதான் குடுக்கன்.”

இப்படிச் சொல்கிற மனிதரா ஏமாற்றுவார், சொல்லுங்கள்.

துவக்கைப் பாயில் வைத்தார். காக்கா உடனே தொடவில்லை. நாம் மாடு வாங்கப் போனால் செய்கிற மாதிரி இரண்டு தரம் சுற்றி வந்து பார்த்தார். பிறகு எடுத்து, நடுவில் மடித்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று விரலை விட்டுப் பார்த்தார். அடுத்ததாகக் குழலை வானத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

“இதுதான் முதல் வேலை” என்று மருமகனுக்குச் சொன்னார். “கையில எடுத்தா முதல்ல வானத்தைப் பார்க்கோணும். உள்ளுக்குள்ள கறுப்புப் புள்ளி, அம்மைத் தழும்பு மாதிரி இரிந்தா துரு தின்னிருக்கு. வளையம் தெரிந்தா எப்பவோ வீங்கியிரிக்கி. அதைத் தொடவும் படாது.”

எனக்கும் காட்டச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு காட்டினார். மச்சி, என்ன அழகு! கிணற்றுக்குள் வெயில் விழுந்த மாதிரி, வட்டம் வட்டமாய், கண்ணாடியாய் மின்னியது. அந்தப் பக்கம் ஒரு துண்டு நீல வானம், ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு.

பிறகு குழலின் வெளியே பெருவிரலால் மெதுவாக வருடிக்கொண்டு போனார், நாம் துணியில் முடிச்சுத் தேடுவது போல. மூடிவிட்டுக் காதோடு வைத்துக் குலுக்கினார், மூட்டு ஆடுகிறதா என்று. மூட்டின் இடுக்கில் ஒரு பீடிக் கடதாசியைச் செருகி இழுத்தார். கடதாசி இறுகி நின்றது, தலையாட்டினார். குதிரையை இழுத்து, பெருவிரலால் பிடித்துக்கொண்டே மெதுவாக விட்டார். தோளில் வைக்கிற மரக்கட்டையை விரல் மடக்கித் தட்டினார். அதில் ஒரு வெடிப்பு இருந்தது, கம்பி சுற்றியிருந்தது.

“இது பிழை” என்றார்.

“பிழைதான் காக்கா. அதுக்குத்தான் கம்பி. விலையில குறைச்சித்தான் கேட்டிரிக்கன்” என்றார் அவர்.

கடைசியில் துவக்கின் வயிற்றில் வெட்டியிருக்கிற இலக்கமும் அனுமதிப் புத்தகத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். காக்கா மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டு வந்திருந்தார். மருமகன் படித்துக்கொண்டு போனார். இலக்கத்தின் எழுத்து தேய்ந்திருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒரு பூவைப் பார்த்துத் தறியில் அதே பூவை இறக்கத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

“மகள், மூணாவது பூ ரெண்டிலயும் ஒன்டில்ல. அதில வயிறு மூடியிரிக்கி, இதில திறந்திரிக்கி என்டு சொல்லு.”

மருமகன் எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். அழுக்கு போனதும் அதுவும் மூடிய வயிறுதான். இலக்கம் சரி. என்றாலும் அந்தப் பெரியவர், “உங்கட தங்கச்சியைக் கச்சேரியில வேலைக்கு வைக்கலாம் காக்கா” என்றார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குப் பெருநாள்.

காக்கா சொன்னார், “முப்பது வருசத் துவக்கு. குழல் நேத்துச் செய்த மாதிரி. நீங்க கேக்கிற விலைக்கு மேலயும் பெறும் அண்ணன். துரு ஏன் பிடிக்கல்ல?”

அந்த மனிதருக்கும் பெருமை வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்து வைத்தார். மஞ்சளாய் உறைந்து கிடந்தது.

“இதான் மருந்து. காட்டுப் பண்டிக் கொழுப்பு உருக்கின நெய். வாரத்துக்கு ஒருக்கா உள்ளயும் வெளியயும் பூசுவன். கடை எண்ணெய் எல்லாம் இதுக்குக் கிட்டவும் வராது.”

காக்கா தன்னுடைய கைகளைப் பார்த்தார். என் விரலிலும் பிசுபிசுப்பு இருந்தது. அந்த மனிதருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, பாவம்.

“ஐயோ, எனக்கு நினைவில்லாமப் போயித்து. மறைக்கப்படாதே என்டுதான் சொன்னன். வேணாமென்டா விடுங்க காக்கா, நான் கோவிக்க மாட்டன்.”

மருமகன்தான் சொன்னார், “இரும்புதானே. பெற்றோல் போட்டுத் துடைச்சா ஆச்சி.” அவருக்கு அந்தச் சாக்குமூட்டை கண்ணுக்குள் நின்றிருக்கும். வாங்கினோம். திரும்பி வரும்போது வத்தகப்பழத்தை ஒருவரும் தொடவில்லை.

கடதாசி வேலை எல்லாம் முடிந்து துவக்கு வீட்டுக்கு வந்தது. மருமகன் பெற்றோல் போட்டுத் துடைத்தார், மெசின் எண்ணெய் பூசினார், என் அறைச் சுவரோடு இருக்கிற அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் விரித்துத் தொழுகிற முசல்லா. முசல்லாவுக்கு மேலே குர்ஆன். எனக்கு ஓதப்பள்ளியில் லெப்பை சொல்லித் தந்தது ஒன்றும் மறக்கவில்லை. அந்தப் பெயர் சொல்லாத மிருகம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் சேர்த்து. துடைத்தால் போகாது.

“ஏழு தரம் கழுவோணும் என்டு சொல்லு மகள்.”

“இரும்பைத் தண்ணியில போட்டா என்ன ஆகும் என்டு உம்மாட்டக் கேளு.”

“வானத்து மலக்குமார் வராத வீட்டில தொழுது என்ன பிரயோசனம் என்டு கேளு.”

மகள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கதை அதோடு நின்றது. ஆனால் நான் ஸுஜூதில் தலையை வைத்தால் அந்த மஞ்சள் போத்தல்தான் கண்ணுக்குள் வந்தது. கொஞ்ச நாள் அப்படியே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை. மருமகன் ஜும்ஆவுக்குப் போய்விட்டார். மகள் பேத்தியைப் பல் பிடுங்கக் கூட்டிக்கொண்டு கல்முனைக்குப் போயிருந்தாள். அலுமாரிப் பூட்டின் திறப்பைச் சுவர்க் கொளுவியில் மாட்டிவிட்டுத்தான் அவர் பள்ளிக்குப் போவார். எடுத்தேன், திறந்தேன். காக்கா மடித்த மாதிரியே துவக்கை மடித்தேன். கிணற்றடிக்குக் கொண்டுபோனேன்.

நம்முடைய கடற்கரை மணல் கையில் ஒட்டாது. மகள் ரோசாச் செடிக்கென்று வயலில் இருந்து கொண்டுவந்த களிமண் பூச்சட்டியில் இருந்தது. அதைக் குழைத்தேன். பழைய கைத்தறிச் சாரன் துண்டொன்றைக் கிழித்து, களியில் தோய்த்து, கம்பு நுனியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு உருவினேன். உள்ளே வெளியே எல்லாம் தேய்த்தேன். பிறகு ஆறு தரம் தண்ணீர். ஒவ்வொன்றாய் வாய்விட்டு எண்ணினேன். கடைசித் தண்ணீரைப் பின்பக்கத்தால் ஊற்றியபோது முன்பக்கத்தால் ஒரு நூலாய் வடிந்தது. ஒடுங்கிய குழல்தானே, அப்படித்தான் வடியும் என்று நினைத்தேன். கம்பு நுனியில் துணி குறைந்திருந்தது. களியோடு கழன்று தண்ணீரோடு போயிருக்கும் என்று அதையும் நினைத்தேன். வெயிலில் சாத்திவைத்தேன். காய்ந்ததும் வெளிப்பக்கம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். இருந்த இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டு லுஹர் தொழுதேன். அப்படி ஒரு நிம்மதியான தொழுகை எனக்கு எப்போதும் வாய்த்ததில்லை.

வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவில்லை, மச்சி. முதல் வேலை அதுதான் என்று காக்கா சொன்னதைக் கேட்டவள் நான். பிடிவாதமாய் வாங்கி அந்த நீலத் துண்டைப் பார்த்தவளும் நான்தான்.

மருமகன் வந்தார், சாப்பிட்டார், வாடிக்குப் புறப்பட்டார். கொளுவியில் திறப்பு இல்லை. என் மடியில் இருந்தது. மறந்துபோய் முடிந்துவைத்திருந்தேன். மகளும் இன்னும் வரவில்லை. நடுவில் சொல்ல ஆளில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தரமாக அவர் நேரே கேட்டார்.

“மாமி, அலுமாரித் திறப்பைக் கண்டீங்களா?”

நான் திரைக்குப் பின்னால் நின்றேன். துவக்கைக் கழுவினேன் என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் மடித்துப் பார்த்திருப்பார். முதல் நாள்தான் தன் கையால் துடைத்து வைத்தவர், அவர் ஏன் சும்மா பார்க்கப்போகிறார்? சொல்ல வாய் வரவில்லை. வெட்கம் பாதி, அவர் வேண்டாம் என்றதைச் செய்த பயம் பாதி. திரைக்குக் கீழே கையை நீட்டித் திறப்பைச் சீமெந்தில் வைத்தேன். அவர் குனிந்து எடுத்துக்கொண்டு போனார்.

பொழுது சாய, மஹ்ரிபுக்குக் கொஞ்சம் முன்னால் வரம்பில் மூன்று ஆனை ஏறியிருக்கிறது. அவர் மேலே பார்த்து ஒரு வெடி வைத்தார். குழல் முன்பக்கத்தில் வாழைப்பூ மாதிரி விரிந்துவிட்டது. இடது கையால் அங்கேதான் ஏந்தியிருந்தார். பெருவிரல் மட்டும் மிஞ்சியது. ஆனை அந்தச் சத்தத்துக்குப் போய்விட்டதாம், அதையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து வயல் ஆட்கள் சாரனால் கையைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஆசுபத்திரியில் மகள் விழுந்து கிடந்த கோலத்தை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

துவக்கைப் பொலிசார் கொண்டுபோனார்கள். அவர்களோடு வயலுக்குப் போன காக்கா, வாடியடியில் கிடந்த கருகிய துணித் துண்டொன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். மருமகன் ஆசுபத்திரியால் வந்த அன்றைக்கு அவருடைய சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டு மண்டபம் நிறைய இருந்தார்கள். அவருடைய மூத்தவர் துண்டைத் தூக்கிக் காட்டினார்.

“பார்த்தீங்களா? குழலுக்குள்ள துணியை அடைச்சித்தான் தந்திரிக்கான். இப்ப போறம், அவனை வாசல்ல இழுத்துப் போட்டுக் கேக்கிறம்.”

இன்னொருவர் காக்காவிடம் திரும்பினார். “நீங்க என்னத்தைப் பெரிசாப் பார்த்தீங்க? பொட்டைக் கண்ணை வெச்சிக்கிட்டு மதிக்கப் போனீங்களா?”

காக்கா தலையைக் குனிந்துகொண்டு, “பார்த்தன். பார்த்தன் என்டுதான் நினைக்கன்” என்றார். அந்தக் குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. வாசிகசாலை வாங்குப் பலகையில் இருந்து ஊருக்கே நியாயம் சொல்கிறவர். துவக்குப் பார்க்கத் தெரிந்தவன் என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சம் இருந்தது.

அந்தத் துண்டு கை மாறி மாறித் திரைக்குப் பக்கத்தில் வந்தது. கரியில் ஒரு விரல் அகலம் தப்பியிருந்தது. பச்சைக் கரை, நடுவில் இரண்டு வெள்ளை இழை, ஓர் இழை தப்பு. அந்தத் தப்பு நான் விட்ட தப்பு. பெரிய பேரன் பிறந்த வருடம் தறியில் இருந்து இறக்கிய சாரன். உலகத்தில் அதை அடையாளம் தெரிந்த கண் இரண்டுதான், அவை என் முகத்தில் இருந்தன.

வெளியே ஓட்டோ ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது. கண் தெரியாத அந்த மனிதர் ஊன்றுகோலோடு வாசலுக்கு வருவதை நினைத்தேன். மறைக்கக் கூடாது என்று தன் போத்தலைக் கொண்டுவந்து காட்டியவர். திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் மருமகன் கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். மகள் பக்கம் நான் திரும்பவில்லை.

“மருமகன், ஒருத்தரும் ஏமாத்தல்ல. அது என்ட சாரன். நீங்க ஜும்ஆவுக்குப் போன நேரம் நான்தான் துவக்கைக் கழுவினன். மண் போட்டுக் கழுவினன்.”

மகள், “உம்மா” என்றாள், அவ்வளவுதான். அவர் என் முகத்தைக் கன நேரம் பார்த்தார். நானும் குனியவில்லை. அவருடைய முகத்தில் நரை வந்துவிட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

“ஏழு தரமும் கழுவினீங்களா மாமி?”

“ஓம்.”

“அப்ப சரி” என்றார். “துப்புரவான இரும்புதான் என்ட கையைக் கொண்டுபோயிருக்கு.”

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓட்டோ போகவில்லை. காக்கா எழுந்து வெளியே போனார். இன்றைக்கு வரைக்கும் என்னோடு கதைப்பதில்லை. ஆனால் பழையபடி அந்த வாங்கில் போய் உட்காருகிறார், அது போதும். மகள் என்னோடு கதைக்கிறாள், உப்பு எங்கே, திறப்பு எங்கே என்கிற அளவுக்கு. இப்போது நடுவில் நிற்க ஆள் வேண்டுமென்றால் மருமகன்தான் நிற்க வேண்டும், அப்படி ஆகிவிட்டது வீடு.

ஆனபடியால் மச்சி, மீன்காரன் இனி இந்தத் தெருவுக்கு வந்தால் நீங்களே சொல்லுங்கள். வித்தவர் நல்லவர், பார்த்தவர் சரியாகப் பார்த்தார், துவக்கும் நல்ல துவக்கு. கழுவினவள் இந்த வீட்டு மூத்தம்மா என்று சொல்லுங்கள். வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

அசருக்குப் பாங்கு சொல்கிறது. நான் எழும்ப வேண்டும். தொழுகைக்கு ஒளுச் செய்யும்போது வலது கையைக் கழுவ இடது கை வேண்டுமே, அவருக்கு யார் கழுவி விடுவது? மகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஸ்கூலால் வர நேரம் செல்லும். மற்ற நேரம் அவள் செய்வாள், அசருக்கு நான்தான். கிணற்றடியில் அவர் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. முழங்கை வரைக்கும் மூன்று தரம் ஊற்றித் தேய்த்து விட வேண்டும். கையை நீட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

“வாறன் மருமகன், வாளி நிறையட்டும்.”